இரண்டாவது போர்

அன்றைக்குப் பதினாலு மணி நேரம் கரண்டு இல்லை.
போத்தனூரில், ஜெரால்டு வீட்டு மொட்டை மாடி அறையில்
வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.
சட்டென்று கீழே மிக்ஸி ஓடியது.
"வந்துருச்சுங்கோவ்!" என்று கத்தினான் பூபதி.
அது பாட்டில்லை. தகவல்.
மொய்தீன் பேஸைச் செருகினான், நான் அடித்தேன்,
மூன்று நிமிடம் பதினொரு வினாடி.
கவனித்துக் கேட்டால்
தேங்காய் அரைபடுவது இன்னும் உள்ளே இருக்கிறது.

அந்தத் தேங்காயோடு சேர்ந்து ஊரெல்லாம் போனோம்.
சோமனூர்த் தறிக்குடோன், பல்லடம் கோழி வண்டி,
காலேஜ் விழா, கல்யாண மண்டபம்.
எங்கே விளக்கு எரிந்தாலும் எங்கள் வரி.
அவினாசி ரோட்டில் ஒரு டிராஃபிக் போலீஸ்
லைசென்ஸ் கேட்காமல் விட்டார்.

பிறகு கரண்டு ஒழுங்காக வர ஆரம்பித்தது.
அதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்த ஆல்பத்துக்கு ஏசி ஸ்டுடியோ, நாற்பது நாள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
"மிக்ஸி வேண்டாமுங்களா?" என்றார்.
கேலியா, அக்கறையா,
இன்றுவரை தெரியாது.

'இரண்டாவது போர்' என்று பெயர் வைத்தோம்.
அன்னூரில் பூபதியின் அப்பா போட்டது அது.
முதல் குழியில் முன்னூறு அடியிலேயே தண்ணி.
நாலு வரிசை தென்னை தள்ளி அடுத்தது,
ஆயிரத்து இருநூறு வரைக்கும் வெறும் கல்மாவு.
வண்டிக்காரனுக்குக் கணக்குத் தீர்த்துவிட்டு
மீசையெல்லாம் வெள்ளையாக நின்று
டீ குடித்தார்.
அந்த டீயை எட்டுப் பாட்டாக்கினோம்.

ஐந்தாவது பாட்டின் நடுவே
நாற்பது வினாடி ஒன்றுமே இல்லை.
ரிக் நின்றபின் காட்டில் இருந்த அமைதி என்றான் ஜெரால்டு.
முப்பது போதும் என்றேன்.
இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

விமர்சனம் ஒன்றே ஒன்று வந்தது.
கடைசி வார்த்தை: போர்.
"தலைப்பைச் சொல்றாருப்பா" என்றான் மொய்தீன்.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தோம்.

ஈரோட்டில் மேடை.
ஐந்தாவது பாட்டு, நாற்பது வினாடி.
பத்தாவதில் சவுண்டுக்காரர் வயரைத் தேடி ஓடினார்.
பதினைந்தாவதில் பின்வரிசையில் ஒருவன்
"வந்துருச்சுங்கோவ்" என்றான்.
மண்டபமே சேர்ந்துகொண்டது.
பூபதி கண்ணை மூடியிருந்தான்.
திறந்தபோது பழைய பாட்டை எடுத்தான்.
நானும் அடித்தேன். பொய் சொல்லக் கூடாது,
கை சந்தோஷமாகத்தான் அடித்தது.

திருப்பூரில் அறுநூறு டி-ஷர்ட் போட்டிருந்தோம்,
கறுப்புத் துணியில் ஒரு வெள்ளை வட்டம்.
விற்றது நாற்பத்தொன்று.
அதிலும் பதினாறு பேர் ஒறம்பரை.
மீதியைக் கிலோ கணக்கில் எடுத்துக்கொண்டார்
பனியன் வேஸ்ட்டுக்காரர்.
போன வருசம் சிங்காநல்லூர் லேத் பட்டறையில்
கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்தான் ஒரு பையன்,
கையில் அரை வட்டம்.
என்ன விலைக்கு வாங்கினாய் என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை.

ஜெரால்டு பெர்த்தில் இருக்கிறான்.
மொய்தீன் கரும்புக்கடையில் செல்போன் உறை விற்கிறான்.
பூபதி முகூர்த்த நாட்களில்
ஒரே பாட்டை இரண்டு தடவை பாடுகிறான்,
இரண்டாவதற்குத் தனிக் காசு.
எனக்குக் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடை.

நேற்று ராத்திரி ஏழரைக்குக் கரண்டு போனது.
செம்புக் கம்பி பாதிச் சுற்றில் நின்றது.
கடைக்குள் இருட்டு, எதிர்க்கடையிலும் இருட்டு.
விரல் தானாக மேசையில் எண்ணத் தொடங்கியது.
முப்பதைத் தாண்டியபோது
ஜெரால்டு சொன்னது சரி என்று பட்டது.

முப்பத்தொன்றில் விளக்கு எரிந்தது.
தெருவில் யாரோ சின்னப் பையன் கத்தினான்,
எங்களைத் தெரியாத வயசு.
நான் அசையவில்லை.
இன்னும் ஒன்பது வினாடி பாக்கி இருந்தது.